கட்டற்ற மென்பொருள், டிஜிட்டல் உரிமை எல்லாம் ஐடிக்காரர்கள் பேச்சு. சாதாரண ஆளுக்கு இதில் என்ன இருக்கிறது?

மேலே உள்ள கேள்வியைக் கேட்டவர் விளக்கத்தில் இன்னொன்றும் சேர்த்திருக்கிறார்: எந்த மென்பொருளாக இருந்தாலும் நூறு, இருநூறு ரூபாய்க்கு யாராவது கணினியில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள், அப்புறம் எதற்கு லினக்ஸ், லிபர் ஆபீஸ் போன்ற கட்டற்ற மென்பொருளோடு (யாரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், பகிரலாம் என்ற உரிமத்தோடு வருவது) மெனக்கெட வேண்டும் என்று.

நியாயமான கேள்விதான். நான் ஐடிக்காரன் இல்லை. மதுரையில் டிடிபி சென்டர் (கணினியில் தட்டச்சு செய்து அச்சுக்குப் பக்கம் வடிவமைக்கும் கடை) வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக மலர், ஆய்வேடு, சிறுபத்திரிகை, நோட்டீஸ் என்று எல்லாம் வரும். அந்தரங்க உரிமை, கருத்துரிமை பற்றியெல்லாம் விவரம் தெரிந்தவர்கள் எழுதுவார்கள். நான் என் மேஜைக்கு வந்த வேலையை வைத்துச் சொல்கிறேன்.

என்னைக் கேட்டால், விலையை முதலில் ஓரமாக வைத்துவிடலாம். நீங்கள் இன்றைக்கு அடித்து வைத்ததைப் பத்து வருடம் கழித்து நீங்களே திறக்க இன்னொருவர் தயவு வேண்டுமா, வேண்டாமா? சாதாரண ஆளுக்கு இதில் இருப்பது அவ்வளவுதான். அது சின்ன விஷயமும் இல்லை. திருட்டு காப்பியால் அந்தத் தயவை வாங்கித் தர முடியாது.

தமிழ் டிடிபியில் கொஞ்ச காலம் இருந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். எல்லாக் கணினிக்கும் பொதுவான ஒருங்குறி (யூனிகோட்) பரவலாவதற்கு முன் ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் தனக்கென்று ஒரு குறியாக்கம், அதாவது எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற கணக்கு, வைத்திருந்தது. அடிப்பது தமிழ் என்று கணினிக்கே தெரியாது. ஆங்கில எழுத்துக்கு உரிய இடத்தில் தமிழ் எழுத்தின் வடிவத்தை உட்கார வைத்திருப்பார்கள். பாமினி என்ற எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்துவிட்டு, பாமினி இல்லாத கணினியில் திறந்தால் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். பாமினியாவது பரவாயில்லை. இலங்கையிலும் இங்கேயும் எல்லோரும் புழங்கியதால் எந்த விசையில் எந்த எழுத்து என்று ஊருக்கே தெரியும், மாற்றிகளும் நிறைய கிடைக்கின்றன. காசு கொடுத்து வாங்கிய தொகுப்புகளில்தான் வினை.

நான் அப்போது வாங்கிய தொகுப்பு ஒன்று டாங்கிளோடு வந்தது. இன்றைய பிள்ளைகள் இதைப் பார்த்திருக்க மாட்டார்கள். கணினியின் பின்னால் பிரிண்டர் கேபிள் மாட்டும் 25 பின் துளையில் ஒரு பிளாஸ்டிக் துண்டைச் சொருகி, அதற்குப் பின்னால் பிரிண்டர் கேபிளை மாட்ட வேண்டும். துண்டு இருந்தால்தான் அந்தத் தமிழ் வேலை செய்யும். பிறகு அந்த நிறுவனம் கடையை மூடிவிட்டது. போன் போட்டால் உபயோகத்தில் இல்லை என்று வரும். புதுக் கணினிகளில் அந்தத் துளையே கிடையாது. அதனால் கடை மூலையில் ஒரு பென்டியம் 4, விண்டோஸ் எக்ஸ்பியோடு, இணைய இணைப்பு இல்லாமல், அந்த ஒரு வேலைக்காகவே கிடந்தது. பழைய டிடிபிக்காரர்கள் பலரிடம் இப்படி ஒன்று இருக்கும், கேட்டுப் பாருங்கள். என்னுடையதில் ஒருநாள் மதர்போர்டு போனது.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் வந்தார். அவருடைய நூலை முன்பு நாங்கள்தான் அடித்துக் கொடுத்தோம். இப்போது இரண்டாம் பதிப்பு வேண்டும்.

"தம்பி, ஃபைல் உங்ககிட்டதானே இருக்கு? ஒரு முன்னுரை மட்டும் சேர்த்தா போதும்."

"இருக்குங்கய்யா. திறக்கத்தான் வழியில்ல."

அவருக்குப் புரியவில்லை. புரியாதது அவர் குற்றமும் இல்லை. தன் புத்தகம், தன் எழுத்து, தான் காசு கொடுத்து அடித்தது. அது இருக்கிறது, ஆனால் இல்லை என்றால் யாருக்குப் புரியும்?

அந்தக் கோப்புக்கு இரண்டு பூட்டு. முதல் பூட்டு, நூலின் பக்கங்களை வடிவமைத்த பேஜ்மேக்கர் மென்பொருள். அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-இல். அதன்பின் அதை வெளியிட்ட அடோபி நிறுவனம் இன்டிசைன் என்ற வேறு மென்பொருளுக்குப் போய்விட்டது. இன்டிசைனும் சிஎஸ்6 வரைதான் பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கும், பிறகு வந்த பதிப்புகள் திறக்காது. வணிகக் கணக்கில் அது அவர்கள் முடிவு, சரி. ஆனால் தமிழ்நாட்டில் எத்தனை மலர்கள், எத்தனை சிறுபத்திரிகைகள் அந்த வடிவத்தில் கிடக்கின்றன!

திறந்தது எது தெரியுமா? லிபர் ஆபீஸ் டிரா. 2015-இல் வந்த 4.4 பதிப்பிலிருந்து அது பேஜ்மேக்கர் கோப்பைப் படிக்கிறது. டாக்குமென்ட் லிபரேஷன் புராஜெக்ட் என்று ஒரு குழு. கைவிடப்பட்ட கோப்பு வடிவங்களின் உள் அமைப்பைத் தோண்டிப் பார்த்து, அவற்றைப் படிக்கும் நிரல்களை எழுதிப் பொதுவில் வைக்கிறார்கள். அவர்களில் யாரும் மதுரைப் பேராசிரியரை நினைத்து எழுதியிருக்க மாட்டார்கள். பக்க அமைப்பு கொஞ்சம் கலைந்துதான் வந்தது, ஆனால் எழுத்து முழுதாக வந்தது. எழுத்து என்றால் அந்த டாங்கிள் குறியாக்கத்தில், யாராலும் வாசிக்க முடியாத குப்பையாக.

இரண்டாவது பூட்டான அந்தக் குறியாக்கத்துக்கு, எழுத்துருக்களைத் திறந்து பார்க்கவும் திருத்தவும் உதவும் ஃபான்ட்ஃபோர்ஜ். இதுவும் கட்டற்ற மென்பொருள்தான். எழுத்துருக் கோப்பு பழைய சிடியில் இருந்தது. ஃபான்ட்ஃபோர்ஜில் திறந்தால் கட்டம் கட்டமாக எல்லா எழுத்து வடிவங்களும் தெரியும்: எந்த இடத்தில் 'கு', எந்த இடத்தில் 'டி', யானைத் தும்பிக்கை மாதிரி வளைந்த பழைய 'லை' எங்கே, துணைக்கால் எங்கே என்று. நான் பார்த்துச் சொல்லச் சொல்ல, பாலிடெக்னிக்கில் படிக்கும் அக்கா மகன் அட்டவணையாக அடித்தான். பைத்தான் என்ற நிரல்மொழியில் சின்னதாக ஒரு நிரல் எழுதி ஒருங்குறிக்கு மாற்றினான். ஓப்பன்-தமிழ் என்ற நிரலகத்தில் இந்த மாதிரி மாற்றிகள் ஏற்கெனவே இருப்பதால், எப்படிச் செய்வது என்று அங்கே பார்த்துக்கொண்டான்.

அதிலும் ஒரு வில்லங்கம். பழைய எழுத்துருக்களில் பார்வைக்கு எது முதலில் வருமோ அதைத்தான் முதலில் அடிப்போம். 'கொ' என்றால் கொம்பு, க, கால். அதை இடம் மாற்றுவது சுலபம். ஆனால் 'கௌ' என்பதற்குக் கொம்பு, க, அப்புறம் 'ள' போட்டு ஒப்பேற்றியிருப்போம். மாற்றிக்கு 'வெள்ளி'யில் இருப்பது தனி 'ள'வா, ஔகாரத்தின் வாலா என்று தெரியாது. இணையத்தில் நிறைய தளங்களில் 'வௌியீடு', 'வௌிநாடு' என்று விசித்திரமாக, சில எழுத்துருக்களில் நடுவே ஒரு புள்ளி வட்டத்தோடு, பார்த்திருப்பீர்களே? பெரும்பாலும் அது இப்படிப்பட்ட மாற்றத்தில் வந்த கோளாறு. பேராசிரியர் நூலில் அதை ஒவ்வொன்றாகத் தேடித் திருத்தினோம். சங்க இலக்கிய ஆய்வு வேறு, வெள்ளிவீதியார் பக்கத்துக்குப் பக்கம் வந்தார்.

இதே காலத்தில் திஸ்கி என்று ஒரு குறியாக்கமும் இருந்தது. பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சலில் விவாதித்து உருவாக்கியது. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற அட்டவணையை எல்லோருக்கும் தெரியும்படி வெளியிட்டார்கள். தமிழ் இலக்கியங்களை இணையத்தில் இலவசமாக வைக்க 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் அவற்றைத் திஸ்கியில் ஏற்றி வந்தது. ஒருங்குறி வந்ததும் அவற்றை மாற்ற முடிந்தது, இன்றும் யார் வேண்டுமானாலும் இறக்கி வாசிக்கலாம். திஸ்கியும் என் டாங்கிள் குறியாக்கமும் ஒரே தலைமுறைத் தொழில்நுட்பம், இரண்டுமே இன்று வழக்கொழிந்துவிட்டன. ஒன்றின் அட்டவணை எல்லோர் கையிலும் இருந்தது, மற்றொன்றின் அட்டவணை ஒரு நிறுவனத்தின் அலமாரியில் இருந்தது. எனக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

இப்போது திருட்டு காப்பிக்கு வருவோம். அந்த டாங்கிள் மென்பொருளுக்கும் உடைத்த பதிப்பு புழங்கியது. அதை வைத்திருந்தவர்களும் என்னைப் போலத்தான் இன்று மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். பூட்டை உடைத்தவர் அட்டவணையைச் சேர்த்துக் கொடுக்கவில்லையே. இன்னொரு தலைவலி, உடைத்த பதிப்பு போட்டவர்கள் பயந்துகொண்டு அப்டேட்டை நிறுத்தி வைத்திருப்பார்கள். 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற நச்சுநிரல் உலகம் முழுக்கப் பரவியபோது, அப்டேட் ஆகாத விண்டோஸ் கணினிகளைத்தான் குறிவைத்தது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது.

பழைய கதை, இப்போது எல்லாம் மாறிவிட்டது என்பீர்கள். மாறியிருக்கிறது, வேறு விதமாக. அடோபி 2013-இல் புதிய பதிப்புகளை விற்பதை விட்டுவிட்டுச் சந்தா முறைக்கு மாறியது. 2022 இறுதியில் என்ன நடந்தது என்று வடிவமைப்பாளர்களைக் கேளுங்கள். பான்டோன் என்ற நிறுவனத்தின் நிற அட்டைகளுக்கான ஒப்பந்தம் மாறியதில், அந்த நிறங்களை வைத்துச் செய்த பழைய ஃபோட்டோஷாப் கோப்புகளைத் திறந்தவர்களுக்கு அந்த இடங்கள் கறுப்பாகத் தெரிந்தன. நிறம் வேண்டுமென்றால் பான்டோனுக்குத் தனியாக மாதச் சந்தா. போன வருடம் செய்து கொடுத்த லோகோவின் நிறத்துக்கு இந்த வருடம் வாடகை! 2019 அக்டோபரில் இன்னும் மோசம். அமெரிக்க அரசின் தடையாணையைக் காட்டி, வெனிசுவேலாவில் உள்ள எல்லாக் கணக்குகளையும் முடக்கப்போவதாக அடோபி அறிவித்தது. சில வாரங்களில் விலக்கு கிடைத்துச் சேவை தொடர்ந்தது என்பது வேறு விஷயம். அங்கே காசு கட்டி, உரிமத்தோடு வேலை பார்த்துக்கொண்டிருந்த டிடிபிக்காரர் என்ன தப்பு செய்தார்?

தடை என்றதும் நம் ஊர்க் கதை ஒன்று. விஎல்சி பிளேயர் இல்லாத கணினி உண்டா? பாரிஸ் பக்கத்தில் ஒரு கல்லூரியின் மாணவர்கள் 1996-இல் தொடங்கிய வேலை அது. 2022 பிப்ரவரி வாக்கில் அதன் இணையதளம் இந்தியாவில் முடக்கப்பட்டது. ஏன் என்று விஎல்சியை நடத்தும் வீடியோலேன் அமைப்புக்கே சொல்லவில்லை. இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன் என்ற டிஜிட்டல் உரிமை அமைப்பின் உதவியோடு அரசுக்குச் சட்ட அறிவிக்கை அனுப்பிய பிறகு, நவம்பரில் தடை நீங்கியது. இடைப்பட்ட மாதங்களில் யாராவது விஎல்சி இல்லாமல் தவித்தார்களா? இல்லை. ஒருவரிடம் இருக்கும் பிரதியை இன்னொருவருக்குக் கொடுக்க அதன் உரிமமே அனுமதிக்கிறது. பென்டிரைவில் போனது, வேறு தளங்களில் கிடைத்தது. கணக்கு தொடங்கி உள்நுழைந்தால்தான் ஓடும் மென்பொருளாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, அப்படியென்றால் நான் முழுக்க முழுக்க மாறிவிட்டேனா? இல்லை. கல்யாணப் பத்திரிகைக்கு இன்னும் கோரல் டிராதான், உரிமம் வாங்கி வைத்திருக்கிறேன். அச்சகத்தில் நாலு வண்ண வேலைக்கு, அதற்குக் கட்டற்ற மாற்றான இன்க்ஸ்கேப் கோப்பைக் கொடுத்தால் முகம் சுளிக்கிறார்கள். அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது, வண்ணம் பிரிப்பதில் அது இன்னும் கோரலுக்கு ஈடு இல்லை.

நூல், மலர் வேலைகளுக்கு ஸ்கிரைபஸ் என்ற கட்டற்ற பக்க வடிவமைப்பு மென்பொருள். முன்பு அதில் தமிழ் உருப்படியாக வராது, கொம்பு போய் எழுத்துக்குப் பின்னால் நிற்கும். 1.5.3 பதிப்பில் சரியானது. சரிசெய்தவர்கள் ஓமான் நாட்டில் உள்ள ஒரு குழுவினர், தங்கள் அரபு மொழிக்காக. அந்த வேலையில் தமிழும் சேர்ந்து கரையேறியது. ஏதோ ஒரு நிறுவனத்தின் கதவைத் தட்டி, "எங்கள் மொழிக்கும் சந்தை இருக்கிறது ஐயா" என்று மன்றாடுவதைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது. எழுத்துருவுக்கும் இப்போது பஞ்சமில்லை. நோட்டோ, முக்த மலர், கேட்டமரான், ஹிந்த் மதுரை என்று எல்லாம் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. ஊர்ப் பாசத்தில் நான் கடைசியில் சொன்னதைத்தான் தலைப்புகளுக்குப் போடுகிறேன்.

எங்கள் தொழிலின் குட்டு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பல டிடிபி கடைகளில் மூலக் கோப்பைக் கேட்டால் தர மாட்டார்கள். "அதெல்லாம் கொடுக்கிறதில்லீங்க, பிரிண்ட் மட்டும்தான்" என்பார்கள். கொடுத்தால் மறுபதிப்புக்கு வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போய்விடுவார் என்ற பயம். அமெரிக்க நிறுவனம் நமக்குப் பூட்டுப் போடுகிறது என்று நாம் புலம்புகிறோம், நாமோ பேராசிரியருக்குப் பூட்டுப் போடுகிறோம். இப்போது நான் பிடிஎஃப்போடு ஒருங்குறியில் ஓர் ஓடிடி கோப்பும் (ODT, லிபர் ஆபீஸின் திறந்த ஆவண வடிவம்) சேர்த்துக் கொடுத்துவிடுகிறேன். அதனால் வாடிக்கையாளர் யாரும் ஓடிப்போனதாகத் தெரியவில்லை.

ஆகவே நீங்கள் ஆய்வேடோ, குடும்ப மலரோ, சங்கத்து ஆண்டறிக்கையோ அடிக்கக் கொடுத்தால் முன்பணம் கொடுக்கும்போதே கேளுங்கள்: ஒருங்குறியில்தானே அடிப்பீர்கள், முடிந்ததும் கோப்பு கையில் கிடைக்குமா என்று. புரூஃப் எல்லாம் முடிந்த பிறகு கேட்டால் பேரம் படியாது. வீட்டில் பழைய சிடி, பென்டிரைவ் கிடந்தால் அதில் உள்ள கோப்போடு அதன் எழுத்துருக் கோப்பும் இருக்கிறதா என்று பார்த்து, இரண்டையும் ஒரே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். டாங்கிள் போனாலும் எழுத்துரு இருந்தால் அட்டவணை போட்டுவிடலாம். அதுவும் இல்லையென்றால் அச்சுப் பிரதியை வைத்துத் திரும்ப அடிப்பதுதான், பக்கத்துக்கு இவ்வளவு என்று.