அப்பா தினமும் குடிக்கிறார். இதே நிலையில் இருக்கும் பிள்ளைகளோடு பேசினால் பயன் உண்டா?

கேட்டவர் கொழும்பில் ஓ/எல் படிக்கும் ஒருவர். வகுப்பில் யாரிடமும் சொல்ல வெட்கமாக இருக்கிறது, தன்னைப் போன்ற இன்னொரு பிள்ளையோடு பேசினால் வீட்டில் ஏதாவது மாறுமா, பேச்சை எப்படித் தொடங்குவது என்று எழுதியிருக்கிறார்.

வீட்டில் ஒன்றும் மாறாது. நீங்கள் யாரிடமோ பேசுகிறீர்கள் என்பதற்காக அப்பா போத்தலை வைக்கப்போவதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாறக்கூடாது. ஆனாலும் பேசுங்கள். நான் 14 வயதிலிருந்து 17 வயது வரை தாண்டி வந்தது அப்படிப் பேசித்தான்.

நான் கொட்டாஞ்சேனை. அப்பா புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதினார். குடிக்காத நேரத்தில் அவரைப் போல் மனுஷன் கிடையாது, எனக்குக் கணக்குப் பாடம் வந்ததே அவரால்தான். அந்தக் குடிக்காத நேரம் வரவரச் சுருங்கி, காலையில் கடைக்குப் போகுமுன் இரண்டு மணித்தியாலம் என்று ஆகிவிட்டது.

சம்பள நாளில் அம்மா என்னை அனுப்புவார். "பாருக்கு வெளியில நில்லு, உன்னைக் கண்டா வெட்கத்துக்காவது எழும்பி வருவார்" என்பது அவருடைய திட்டம். பாருக்கு எதிரே ஒரு லொத்தர் தட்டு இருந்தது. சீட்டுப் பார்ப்பது போல அங்கே நிற்பேன். கையில் ஒரு சதம் கிடையாது. அது சீட்டு விற்கும் ஐயாவுக்கும் தெரியும். ஒருநாளும் விரட்டியதில்லை.

அங்கே இன்னொரு பையனும் நிற்பான். என் பள்ளிக்கூடம்தான், ஒரு வகுப்பு மேலே. முதல் மாதம் அவனும் சீட்டுப் பார்த்தான், நானும் பார்த்தேன். இரண்டாவது மாதமும் அப்படியே. மூன்றாவது மாதம் மழை. தட்டுக்கு மேலிருந்த குடைக்குள் இரண்டு பேரும் ஒதுங்க வேண்டியதாயிற்று. அவன் என்னைப் பார்க்காமல் பாரின் கதவையே பார்த்துக்கொண்டு கேட்டான்.

"உங்கட ஆள் எது?"

"நீலச் சேட்டு."

"என்ட ஆள் வெள்ளை. பக்கத்து மேசை."

அன்றைய பேச்சு அவ்வளவுதான். இரவு வீட்டில் வழக்கமான சத்தம், வழக்கமான தட்டு உடைப்பு. பாயில் படுத்துக்கொண்டு, இந்நேரம் வெள்ளைச் சேட்டுக்காரர் வீட்டிலும் இதே கூத்துத்தான் நடக்கும் என்று நினைத்தேன். அவனை நினைத்தால் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கு எனக்கு நித்திரை வந்தது.

கொஞ்சக் காலத்தில் நாங்கள் நாலு பேர் ஆனோம். சனிக்கிழமை கணக்கு டியூஷன் முடிந்து, புனித லூசியாள் பேராலயத்துப் படியில் கடலைச் சுருளோடு உட்காருவோம். முக்கால்வாசி கிரிக்கெட் பேச்சுத்தான். டியூஷனில் சேர்ந்துகொண்ட ஒரு பிள்ளை எட்டு மாதம் எங்களோடு இருந்த பிறகுதான் தன் வீட்டில் குடிப்பது அப்பா இல்லை, அம்மா என்று வாய்திறந்தாள். அப்பா குடித்தால் ஊர் 'பாவம் அந்தப் பிள்ளைகள்' என்று சொல்லும். அம்மா குடித்தால் அந்தப் பாவமும் கிடைக்காது. எட்டு மாதம் எடுத்ததில் அதிசயம் இல்லை.

இனி அந்த வெசாக் கதை. வெளிநாட்டில் இருந்து வாசிப்பவர்களுக்காக: இலங்கையில் போயா என்கிற பௌர்ணமி நாளில் பாரும் சாராயக் கடையும் பூட்டு, புத்தர் பண்டிகையான வெசாக் என்றால் இரண்டு நாள் பூட்டு. குடிக்கிறவர் வீட்டில் அது நிம்மதியான நாள் என்று நினைக்க வேண்டாம், போத்தல் முதல்நாளே வீட்டுக்கு வந்துவிடும். அந்த வருடம் அப்பா அலுமாரிக்குப் பின்னால் வைத்திருந்ததை நான் கண்டுபிடித்து, எல்லாரும் தூங்கிய பிறகு குசினித் தொட்டியில் ஊற்றி, பைப்பைத் திறந்து மணம் போகும்வரை கழுவினேன். பெரிய வீரம் செய்த நினைப்பு. மறுநாள் காலையில் அவருக்குக் கை நடுங்கியது, தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. நடுப்பகலில் சேட்டு முழுக்க வியர்வை. பின்னேரம் வலிப்பு வந்தது. பக்கத்து வீட்டு அண்ணனின் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம்.

வார்டில் ஒரு இளம் டாக்டர்தான் விளங்கப்படுத்தினார். வருடக்கணக்காகத் தினமும் அதிகம் குடித்த உடம்பு, திடீரென்று நிறுத்தினால் தாங்காது. கடைசியாகக் குடித்து 6 மணித்தியாலத்திலிருந்து 48 மணித்தியாலத்துக்குள் வலிப்பு வரலாம், அதன்பின் புத்தி தடுமாறலாம், கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. நிறுத்துவதென்றால் வைத்தியரின் பார்வையில், மருந்தோடு நிறுத்த வேண்டும். ஆகவே தயவுசெய்து போத்தலை ஊற்றாதீர்கள், ஒளிக்காதீர்கள். அப்படி நடுக்கமோ வலிப்போ கண்டால் 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசம், எங்கள் காலத்தில் அது இருக்கவில்லை.

நான் அப்பாவைக் கொல்லப் பார்த்தவன் என்று இரண்டு கிழமை மனதுக்குள் வைத்துப் புழுங்கினேன். மூன்றாவது சனிக்கிழமை படியில் வைத்துச் சொல்லிவிட்டேன். வெள்ளைச் சேட்டுக்காரரின் மகன் சிரித்தான். "நானும் ஊத்தினேன். அதுக்கு முதல் தண்ணி கலந்தேன். அதுக்கும் முதல் கொச்சிக்கடை அந்தோனியாருக்கு ஒன்பது செவ்வாய்க்கிழமை நேர்ந்தேன்." அந்தப் பிள்ளை சொன்னாள்: "நான் பேனையால போத்தல்ல கோடு போட்டு அளந்தேன். ராத்திரி கோடு, காலையில கோடு. கொப்பியில எழுதியும் வச்சேன்." நாலாமவன் அப்பாவின் சைக்கிள் சாவியைக் கிணற்றில் போட்டவன்.

உலகத்தில் நான் ஒருவன் மட்டும் செய்த கள்ளத்தனம் என்று நினைத்திருந்தேன். பார்த்தால் நாலு பேரும் ஒரே பரீட்சையை எழுதி, ஒரே விடையில் பிழை விட்டிருக்கிறோம். அப்பா அம்மாவாலோ ஆசிரியராலோ இதைத் தர முடியாது. அவர்கள் ஆறுதல்தான் சொல்வார்கள்.

அமெரிக்காவில் இதற்கு முறையான அமைப்பே உண்டு என்று பிறகு படித்தேன். குடிப்பவர்களுக்கான ஏ.ஏ., அவர்களின் குடும்பத்தினருக்கான அல்-அனோன், அதற்குள் பிள்ளைகளுக்கான அலட்டீன். 1957இல் கலிபோர்னியாவில் ஒரு பதின்வயதுப் பையன் தொடங்கியது. அவனுடைய அப்பா ஏ.ஏ.யில், அம்மா அல்-அனோனில். பெரியவர்கள் கூடிப் பேசுகிறார்களே, நாங்கள் ஏன் பேசக்கூடாது என்ற நியாயம்தான். அங்கே மூன்று விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள்: இந்தக் குடியை நான் உண்டாக்கவில்லை, என்னால் அதை அடக்க முடியாது, என்னால் அதைக் குணமாக்கவும் முடியாது. எங்களுக்கு இதைப் படிக்க ஒரு வலிப்பும் ஒன்பது செவ்வாய்க்கிழமையும் தேவைப்பட்டன.

அலட்டீனில் எனக்குப் பிடித்தது வேறொன்று. ஒவ்வொரு குழுவிலும் பொறுப்பான பெரியவர்கள் இருந்தே ஆக வேண்டும். எங்கள் படிக்கட்டில் யாரும் இருக்கவில்லை, அதன் விலையைக் கொடுத்தோம். 'இங்கே பேசுவது வெளியே போகாது' என்று சத்தியம் செய்திருந்தோம். நாலாமவன் ஒரு சனிக்கிழமை நீளக்கைச் சேட்டு போட்டு வந்தான், கடலையை இடது கையால் தின்றான். பெல்ட் அடி. சத்தியத்தைக் காப்பாற்றுகிறோம் என்று ஆறு கிழமை வாயை மூடிக்கொண்டிருந்தோம். கடைசியில் அவனுடைய மாமி கண்டுபிடித்துத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். நாங்கள் செய்தது நட்பு இல்லை, மடத்தனம். இதை எழுதும்போதும் எனக்கு முகம் சுடுகிறது. உங்களுக்கு ஒரு தோழன் கிடைத்தால் முதல்நாளே பேசிக்கொள்ளுங்கள்: அடி விழுந்தால், சாக வேண்டும் போலிருக்கிறது என்று யாராவது சொன்னால், சத்தியம் செல்லாது. பெரியவர் ஒருவரிடம் சொல்வோம், அல்லது சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929க்கு அழைப்போம் என்று.

மனதில் இருப்பதைக் கொட்ட மட்டும் ஒரு ஆள் வேண்டும் என்றால் கொழும்பில் சுமித்ரயோ என்ற தொண்டு அமைப்பு இருக்கிறது, 1974இலிருந்து. பணம் வாங்கமாட்டார்கள், சொன்னதை வெளியே விடமாட்டார்கள். குடி, போதை உள்ள குடும்பங்களுக்கென்று அவர்களே மெல் மெதுர என்ற பிரிவை நடத்துகிறார்கள். அப்பா வராவிட்டாலும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகலாம்.

இன்னொரு தொல்லையையும் சொல்ல வேண்டும். சில மாதம் எங்கள் பேச்சு 'யார் வீட்டுக் குடி மோசம்' என்ற போட்டியாகிவிட்டது. அந்தப் பிள்ளைதான் நிறுத்தினாள். "கப் குடுக்கப் போறீங்களா?" என்று கேட்டாள்.

எப்படித் தொடங்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். வகுப்பு முழுக்கச் சொல்ல வேண்டாம், ஒரே ஆள் போதும். உங்கள் வகுப்பிலேயே ஒருவர் இருப்பார். யாரையும் வீட்டுக்குக் கூப்பிடமாட்டார், பெற்றோர் கூட்டத்துக்கு எப்போதும் அம்மாவோ சித்தப்பாவோதான் வருவார்கள், மாலையில் போன் அடித்தால் முகம் மாறும். அவரிடம் "உங்க வீட்லயும் குடிக்கிறாங்களா" என்று கேட்காதீர்கள், பயந்து ஓடுவார். "எங்க அப்பா நேத்தும் குடிச்சிட்டு வந்தார், தூங்கவே இல்ல" என்று உங்களுடையதைச் சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். பதில் அன்றே வராது. எனக்கு மூன்று மாதமும் ஒரு மழையும் எடுத்தது.

என் அப்பா 2010இல் நிறுத்தினார், வைத்தியரிடம் போய், மருந்தோடு. அதற்கும் எங்கள் படிக்கட்டுக்கும் சம்பந்தம் இல்லை. 2016இல் என் கல்யாணத்துக்கு வெள்ளைச் சேட்டுக்காரரின் மகன் குடும்பத்தோடு வந்தான். அவனை அப்பாவுக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். பந்தியில் அவன் இலைக்குப் பாயசம் ஊற்றிவிட்டு வந்து, என் காதுக்குள் மெதுவாகச் சொன்னார்: "மழைக்குள்ள லொத்தர் தட்டுக்கிட்ட உன்னோட நின்ன பொடியன்தானே இவன்? நான் உள்ளுக்க இருந்து பார்த்தேன்."