தார் பாலைவனத்தில் நான் படம் பிடித்த தேள் புதிய இனமா? எப்படித் தெரிந்துகொள்வது?

ஜெய்சல்மேர் போன இடத்தில் மஞ்சள் தேள் ஒன்றைப் படம் எடுத்தேன், இணையத்தில் எதோடும் ஒத்துப்போகவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். புதிதாக இருக்கலாம். ஆனால் முதுகுப் பக்கம் எடுத்த ஒரே படத்தை வைத்து யாரும் சொல்ல மாட்டார்கள்.

நான் மும்பை செம்பூர்வாசி. தேள் ஆராயும் நண்பர்களுக்கு மைக்ராஸ்கோப் வழியாகப் படம் எடுத்துக் கொடுப்பது என் விடுமுறை வேலை. பாலைவனத்தில் தேளைத் தேடுவது பெரிய காரியமில்லை. நிலவில்லாத இரவில் புற ஊதா டார்ச் அடித்தால் பச்சையும் நீலமுமாக மின்னும். (அப்போதுதான் தோலுரித்தது மின்னாது. எனவே ஷூ அவசியம்.) அது இதுவரை பெயர் பெறாத இனம் என்று நிரூபிப்பதில்தான் மாதக்கணக்கில் நேரம் போகும்.

நிறத்தை நம்பவே கூடாது. எங்கள் பக்கத்து வீட்டு மாமிக்குக் கருப்பாய்ப் பெரிதாய் எது ஊர்ந்தாலும் நட்டுவாக்காலிதான். நிறம் பார்த்து இனம் சொல்வதும் அந்த ரகம்தான். தேளைத் திருப்பிப் போட்டு அடிவயிற்றைப் பார்க்க வேண்டும். அங்கே இரண்டு சீப்புகள் இருக்கும், தரையைத் தடவி மணமறியும் உறுப்பு. அதன் பற்களை எண்ணுவார்கள். பொதுவாக ஆணுக்குப் பற்கள் அதிகம் என்பதால் ஆணை ஆணோடுதான் ஒப்பிட வேண்டும். அடுத்து இடுக்கியில் உள்ள உணர்முடிகள். பக்கவாட்டில் வெளிச்சம் கொடுத்தால் ஒவ்வொரு முடியும் ஒரு குட்டிக் கிண்ணத்திலிருந்து கிளம்புவது தெரியும். முடி உதிர்ந்திருந்தாலும் கிண்ணம் அப்படியே இருக்கும், அதை எண்ணினால் போதும். இந்த முடிகள் அமைந்திருக்கும் விதத்தை 1970களில் மாக்ஸ் வாஷோன் என்ற பிரெஞ்சு அறிஞர் மூன்று அடிப்படை வகைகளாகப் பிரித்தார். இன்றும் அதுதான் அடித்தளம். மணலில் வாழும் புத்தாகஸ் போன்ற பேரினங்களுக்குக் கால்களிலும் முடி வரிசை உண்டு, மணலில் புதையாமல் நடக்க.

இவ்வளவும் எடுத்துக்கொண்டு பழைய நூல்களோடு மல்லுக்கட்ட வேண்டும். இந்தியத் தேள்களுக்கு 1900இல் போகாக் எழுதியது, 1983இல் டிகாதரும் பஸ்தாவடேயும் எழுதியது இரண்டையும் தாண்டிப் போக முடியாது. சந்தேகம் தீரவில்லையென்றால் அருங்காட்சியகத்தில் இருக்கும் மூல மாதிரியையே, அதாவது அந்த இனத்துக்கு முதலில் பெயர் வைத்தபோது ஆதாரமாக வைத்த தேளையே, பார்க்க வேண்டும். டிஎன்ஏ கைகொடுக்கும், ஆனால் ஒப்பிட, பெயருள்ள இனங்களின் டிஎன்ஏ வரிசை ஏற்கெனவே பதிவாகியிருந்தால்தான். கடைசியில் விளக்கத்தோடு ஆய்விதழில் வெளியாகி, மாதிரி ஒன்று அருங்காட்சியகத்தில் சேர்ந்த பிறகே பெயர் செல்லும்.

அதற்காக உங்கள் படம் வீண் என்று சொல்லவில்லை. கலிபோர்னியாவில் வறண்ட உப்பு ஏரிகளில் வாழும் இரண்டு புதிய தேள்கள் 2022இல் விவரிக்கப்பட்டன. துப்பு கிடைத்தது, யார் வேண்டுமானாலும் உயிரினப் படங்களைப் பதிவிடக்கூடிய ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் பெயர் தெரியாமல் கிடந்த படங்களிலிருந்து. அதைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் இரண்டு பள்ளி மாணவர்கள்.

நீங்களும் அங்கே போடுங்கள், எடுத்த இடத்தைச் சரியாகக் குறித்து. அடுத்த முறை போனால் வாலும் இடுக்கியும் தனித்தனியாகத் தெரிகிற மாதிரி எடுங்கள், பக்கத்தில் அளவுகோல் வைத்தால் இன்னும் நல்லது. ஆனால் கையில் பிடிக்க வேண்டாம். தாரில் ஆண்ட்ரோக்டோனஸ் என்ற தேள் பேரினம் உண்டு: தடித்த வால், கடும் விஷம்.