இரண்டு புயல்களுக்கு நடுவே ஒரு காலை: அலைச்சறுக்குக்கு இறங்கலாமா?

கேள்வி: சோழிங்கநல்லூரில் வசிக்கிறேன். கோவளத்தில் அலைச்சறுக்குப் பயிற்சி எடுத்து, இடுப்பளவு அலையில் பலகை மீது எழுந்து நிற்கும் அளவுக்குப் பழகியிருக்கிறேன். கார்த்திகை மாதத்தில் ஒரு புயல் ஓய்ந்து அடுத்த காற்றழுத்தத் தாழ்வு நெருங்குவதற்குள் ஓரிரு நாள் வெயில் அடிக்கிறது. கடலும் அழகாக இருக்கிறது. அப்படி எதிர்பாராமல் கிடைக்கும் காலையில் கடலில் இறங்கலாமா? எதைப் பார்த்து முடிவு செய்வது?

பதில்: இறங்கலாம். அப்படிப்பட்ட காலைகளில் மிக நல்ல அலைகள் கிடைப்பதும் உண்டு. ஆனால் அந்த அழகு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்ட பிறகே இறங்க வேண்டும். பலர் அதை முந்தைய புயல் விட்டுச்சென்ற அமைதி என்று எண்ணிவிடுகிறார்கள். பல நேரங்களில் அது வரவிருக்கும் புயலின் வேலையாக இருக்கிறது.

வங்கக்கடலில் புயல் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்வதால், அதன் மையம் நமக்கு வடகிழக்கே கடலில் நிலைகொண்டிருக்கும்போது சென்னைக் கரையில் காற்று வடமேற்கிலிருந்து, அதாவது தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. இந்தக் காற்று உடையப்போகும் அலையின் முகப்பை நிமிர்த்திப் பிடித்து, நீர்ப்பரப்பைக் கண்ணாடிபோல் ஆக்கிவிடும். சாதாரண நாளின் விடியற்காலைத் தரைக்காற்றும் இதையேதான் செய்கிறது என்பதால், இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி வேண்டும். வெயில் ஏற ஏறத் தரைக்காற்று தளர்ந்து, முற்பகலில் கடற்காற்றுக்கு இடம் கொடுத்துவிடும். காலை 9 மணிக்குப் பிறகும் மேற்கு அல்லது வடமேற்குக் காற்று தளராமல், மேலும் வலுத்துக்கொண்டே போனால், அதை வீசச் செய்வது கடலில் இருக்கும் தாழ்வுதான் என்று கொள்ளுங்கள். அத்தகைய காற்றில் கைத்துடுப்புப் போட்டுக் கரை திரும்புவது உங்கள் நிலையில் உள்ளவருக்கு மிகக் கடினம். அலை எவ்வளவு அழைத்தாலும் அன்று வேண்டாம்.

அடுத்துப் பார்க்க வேண்டியது, ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் உள்ள இடைவெளி. பயிற்சி பெற்ற பலரும் உயரத்தை மட்டுமே பார்க்கிறார்கள். என் கணக்கில் இடைவெளிதான் முக்கியம். கரையில் நின்று, அலை வழக்கமாக உடையும் ஓரிடத்தைக் குறிவைத்து, முதல் அலை அங்கே வந்ததிலிருந்து பதினோராவது அலை வரும்வரை ஆகும் நொடிகளை எண்ணி 10-ஆல் வகுத்துப் பாருங்கள். அருகில் வீசும் வாடைக்காற்று கிளப்பும் அலைகளின் இடைவெளி பெரும்பாலும் 5 முதல் 8 நொடிக்குள் இருக்கும். அது 11, 12 நொடி என்று நீண்டிருந்தால், தொலைவில் எங்கோ கடல் கடுமையாகக் கலங்கியிருக்கிறது என்று பொருள். 12 நொடி இடைவெளி கொண்ட அலைக்கூட்டம் ஆழ்கடலில் மணிக்கு ஏறக்குறைய 34 கிலோமீட்டர் வேகத்தில் பயணிக்கிறது. புயலோ பொதுவாக அதைவிட மெதுவாக நகர்வது. எனவே 600 கிலோமீட்டர் தொலைவில் உள்ள புயல் எழுப்பிய அலை 18 மணி நேரத்தில் வந்து சேர்ந்துவிடும், புயல் பிறகு வரும். ஒரே உயரமுள்ள இரண்டு அலைகளில் இடைவெளி நீண்ட அலைக்கே விசை அதிகம். போதாக்குறைக்கு, நீண்ட அலைகள் கூட்டமாக வந்து, இடையே பத்துப் பதினைந்து நிமிடம் கடலைச் சும்மா விட்டுவிடக்கூடியவை. 5 நிமிடம் பார்த்துவிட்டு இறங்குபவர் அந்த இடைவேளையை மட்டுமே பார்த்திருப்பார். குறைந்தது 20 நிமிடம் நின்று பாருங்கள்.

கோடையிலும் ஆகஸ்டிலும் பழகியவர்களுக்கு இது வேறு கடல் என்பதையும் சொல்லியாக வேண்டும். மாமல்லபுரத்தில் 2023-இல் சர்வதேசப் போட்டியும் 2025-இல் ஆசிய சாம்பியன்ஷிப்பும் நடந்தது ஆகஸ்ட் மாதத்தில். அப்போது வரும் அலைகள் தெற்கே இந்தியப் பெருங்கடலில் வெகுதொலைவில் பிறந்து, வரும் வழியிலேயே ஒழுங்குபட்டு வருகின்றன. வடகிழக்குப் பருவத்து அலைகளோ அருகிலேயே பிறப்பதால், அவற்றின் போக்கு ஒரே காலைக்குள் மாறிவிடும்.

முதல்நாள் இரவே இந்திய வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கையையும், ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் (இந்தியப் பெருங்கடல் தகவல் சேவைகளுக்கான தேசிய மையம்) வெளியிடும் அலை உயர முன்னறிவிப்பையும் பார்த்துவிடுங்கள். மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று அறிவித்திருந்தால் விஷயம் அத்துடன் முடிந்தது. துறைமுகத்தில் 1-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டுதானே ஏற்றியிருக்கிறார்கள் என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். புயல் தொலைவில் இருக்கிறது என்பதே அதன் பொருள், அலைக்கோ தொலைவு தடையில்லை. புயல் வேறெங்கோ கரையைக் கடக்கும் என்பதும் ஆறுதலாகாது. 2023-இல் மிக்ஜாம் புயல் ஆந்திரத்தின் பாபட்லா அருகேதான் கரையேறியது; சென்னை பட்ட பாடு உங்களுக்கே தெரியும். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல், அதன் பிறகும் பல மணி நேரம் நகராமல் நின்றது.

காற்றும் அலையும் ஒத்துவந்தாலும், இந்த இடைநாட்களைப் பெரும்பாலும் கெடுப்பது தண்ணீர்தான். மழைக்குப் பின் முட்டுக்காடு முகத்துவாரம் கழிவுநீரோடு ஆகாயத்தாமரை, மூங்கில், அறுந்த வலை எல்லாவற்றையும் கடலில் தள்ளுகிறது. இந்தப் பருவத்தில் கரையோர நீரோட்டம் பெரும்பாலும் வடக்கிலிருந்து தெற்கே ஓடுவதால், அது கோவளத்துக்கே வருகிறது. கனமழை நின்று 3 நாள் காத்திருப்பது நல்ல வழக்கம். உங்களுக்குக் கிடைக்கும் இடைவெளியே அவ்வளவு இல்லை என்றால், நீர் பழுப்பாக இருக்கும்வரை இறங்காமல் இருப்பதே நான் சொல்லக்கூடியது.

இறங்கிய பின், கரையில் ஒரு கட்டடத்தையோ படகையோ அடையாளமாக வைத்துக்கொண்டு, நீரோட்டம் உங்களைத் தெற்கே நகர்த்துகிறதா என்று அடிக்கடி பாருங்கள். தெற்கே கருங்கல் தடுப்பு எதுவும் இல்லாத இடமாக முதலிலேயே தேர்ந்துகொள்ளுங்கள். புயல் மணல்திட்டுகளைக் கலைத்துவிடுவதால், சென்ற மாதம் மார்பளவு ஆழமாக இருந்த இடம் இன்று முழங்காலளவாகவோ பள்ளமாகவோ இருக்கும். அலைகளுக்கு நடுவே அலை உடையாமல் சாந்தமாகத் தெரியும், நுரையும் கலங்கல் மணலும் கடலை நோக்கி நகரும் பாதைதான் உள்ளே இழுக்கும் நீரோட்டம். அதில் சிக்கினால் பலகையை விடாமல், கரைக்கு இணையாகத் துடுப்புப் போட்டு வெளியேறிய பிறகே கரையை நோக்கித் திரும்புங்கள். தனியே இறங்க வேண்டாம். உள்ளூர்ப் பயிற்சியாளர் ஒருவர் கரையிலாவது இருக்கட்டும். இடி கேட்டால் உடனே கரையேறி, கடைசி இடி ஓசைக்குப் பின் 30 நிமிடம் காத்திருங்கள்.

ஆறாத காயம் இருந்தால் அன்று கடல் வேண்டாம். கரையேறியதும் நல்ல தண்ணீரில் குளித்து, காதுகளைத் துடைத்து உலரவிடுங்கள். அடுத்த சில வாரங்களுக்குள் கடும் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் கண்டால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம் என்பதால், மழைக்குப் பின் முகத்துவாரத்தை ஒட்டிய கடலில் இறங்கியதை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள்.