ஐந்தரை மணி நேரக் கோடு

கேள்வி: எனக்கு வயது 43. முதல் அரைதூர டிரையத்லானுக்குப் பதிவு செய்திருக்கிறேன். இன்னும் 14 வாரங்கள் இருக்கின்றன. ஏரியில் 1.9 கிலோமீட்டர் நீச்சல், 45 கிலோமீட்டர் சுற்றை இரண்டு முறை சைக்கிளில் கடக்க வேண்டும், பிறகு நிழலே இல்லாத பாதையில் 21.1 கிலோமீட்டர் ஓட்டம். சைக்கிள் பாதையின் மொத்த ஏற்றம் 1,100 மீட்டர் என்கிறது போட்டிக் கையேடு. நீச்சல் குளத்தில் 2 கிலோமீட்டரை 50 நிமிடங்களில் நீந்துகிறேன். சமதளத்தில் மணிக்கு 27 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிள் ஓட்டுகிறேன். அரை மாரத்தானை மட்டும் ஓடினால் 2 மணி 5 நிமிடம் ஆகிறது. எட்டரை மணி நேர வரம்புக்குள் முடிப்பேனா? பயிற்சித் தொகுப்பு விற்கும் ஒருவர், தம்முடைய 12 வாரத் திட்டத்தோடு ஆழமான விளிம்புள்ள கார்பன் சக்கரங்களையும் வாடகைக்கு எடுத்தால் ஆறு மணி நேரத்துக்குள் முடிக்கலாம் என்கிறார். பதிவு கிடைக்காத என் நண்பருக்கு வேறொருவரின் போட்டி எண்ணை வாங்கித் தருவதாகவும் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: முடித்துவிடுவீர்கள். ஆனால் ஆறு மணி நேரத்தில் அல்ல. தவிர, நீங்கள் கவலைப்பட வேண்டிய எண் எட்டரையும் அல்ல. அரைதூரப் போட்டிகளில் வழக்கமாக மூன்று வரம்புகள் இருக்கும். நீச்சலுக்கு 1 மணி 10 நிமிடம். சைக்கிளை முடித்து இறங்க, தொடக்கத்திலிருந்து ஐந்தரை மணி நேரம். மொத்தத்துக்கு எட்டரை மணி நேரம். எல்லோரும் கடைசி எண்ணைத்தான் மனப்பாடம் செய்கிறார்கள். முதல்முறை வருபவர்களைப் பாதியில் நிறுத்தி வீட்டுக்கு அனுப்புவது நடுவில் இருக்கும் எண்.

உங்கள் கணக்கைப் பாதையின் மேல் வைத்துப் பார்ப்போம். குளத்தில் ஒவ்வொரு சுவரிலும் காலால் உந்திக்கொள்கிறீர்கள். ஏரியில் சுவர் கிடையாது. அடியில் கறுப்புக் கோடும் கிடையாது; ஆகவே நேராகப் போக மாட்டீர்கள். 1.9 கிலோமீட்டரை 2.1 கிலோமீட்டராக நீந்திக் கரையேறுபவர்கள் ஏராளம். 57 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சைக்கிளை எடுத்துக் கிளம்ப 7 நிமிடம். 1,100 மீட்டர் ஏற்றம் உள்ள பாதையில் உங்கள் 27 நிற்காது, 23.5 நின்றால் 90 கிலோமீட்டருக்கு 3 மணி 50 நிமிடம் ஆகும். ஆக, சைக்கிளை விட்டு இறங்கும்போது 4 மணி 54 நிமிடம். கையிருப்பு 36 நிமிடம். அதன் பிறகு ஷூ மாற்ற 5 நிமிடம், வெயிலில் ஓட்டத்துக்கு இரண்டரை மணி நேரம் என்றாலும் ஏறக்குறைய ஏழரை மணி நேரத்தில் பந்தயம் முடிந்துவிடும். கடைசி வரம்புக்கு முழுதாக ஒரு மணி நேரம் மிச்சம்.

இப்போது ஒரே ஒரு எண்ணை மாற்றுங்கள். எதிர்காற்று அடித்தது, முதல் சுற்றிலேயே கால் கனத்தது, சராசரி 20 ஆகிவிட்டது. சைக்கிளுக்கு நாலரை மணி நேரம். நீங்கள் வந்து சேரும் நேரம் 5 மணி 34 நிமிடம். நான்கு நிமிடத் தாமதத்தில் போட்டி முடிந்தது. ஓடுவதற்கு உடம்பில் தெம்பு இருந்தாலும் எண்ணைக் கழற்றி வாங்கிக்கொள்வார்கள். உங்கள் 14 வாரங்களில் பெரும்பகுதி இந்த ஒரு கோட்டை நோக்கித்தான் போக வேண்டும்.

காற்றைப் பற்றி ஒரு பொய்யான ஆறுதல் உலவுகிறது. போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று, இரண்டும் சரியாகிவிடும் என்பார்கள். சரியாகாது. 45 கிலோமீட்டரை 22 வேகத்திலும் மறு 45ஐ 34 வேகத்திலும் ஓட்டுங்கள். இரண்டின் நடு 28தான். ஆனால் எடுக்கும் நேரம் 3 மணி 22 நிமிடம். சீராக 28இல் ஓட்டியிருந்தால் 3 மணி 13 நிமிடம். மெதுவான பகுதியில் அதிக நேரம் கழிக்கிறோம், அவ்வளவுதான் விஷயம். ஏற்ற இறக்கத்துக்கும் இதே கணக்குதான்: ஏற்றத்தில் இழந்ததை இறக்கம் முழுதாகத் திருப்பித் தராது.

இன்னொன்று சொல்ல வேண்டும், இதைச் சற்றுப் பொறுமையாகப் படியுங்கள். இதில் ஏமாந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஐந்தரை மணி நேரம் என்றால் எப்போதிலிருந்து? எல்லோரும் ஒன்றாகத் தண்ணீரில் இறங்கும் போட்டியில் இந்தக் கேள்வியே எழாது; ஊதல் ஒலித்ததும் எல்லோருக்கும் ஒரே கடிகாரம். இப்போது பல போட்டிகளில் வரிசையில் நின்று சில விநாடி இடைவெளியில் சிலர் சிலராக இறங்குகிறார்கள். காலில் கட்டிய, நேரம் பதியும் சில்லு (சிப்) தரைவிரிப்பைக் கடக்கும்போது உங்கள் சொந்தக் கடிகாரம் ஓடத் தொடங்கும். வரிசையின் கடைசியில் நிற்பவர் முதல் ஆளுக்கு அரை மணி நேரம் கழித்து இறங்கினாலும் அவருடைய 1 மணி 10 நிமிடம் அப்போதுதான் தொடங்குகிறது. இதுவரை நியாயம். ஆனால் சாலையைத் திறந்துவிட வேண்டிய நேரம் காவல்துறையின் கடிகாரத்தில் இருக்கிறது. ஆகவே சில போட்டிகளில் சைக்கிள் வழியின் இடைநிலை வரம்புகள் சொந்தக் கடிகாரத்தில் அல்ல, சுவர்க் கடிகாரத்தில் இருக்கும்: இந்த இடத்தை இத்தனை மணிக்குள் கடக்க வேண்டும் என்று. அப்படி இருந்தால், பயத்தில் கடைசியில் போய் நின்ற அந்த அரை மணி நேரம் உங்கள் கையிருப்பிலிருந்து கழிந்துவிடும். 36 நிமிடத்தில் 30 போனால் ஒரு பஞ்சருக்குக்கூட இடமில்லை.

ஒரே வரியில் எழுதிவிடக்கூடிய இந்தத் தகவலைப் பெரும்பாலான கையேடுகள் எங்கோ பின்பக்கத்தில், விளம்பரதாரர்களுக்கு நன்றி சொல்லும் இடத்துக்கு அருகில் புதைத்து வைக்கின்றன. கையேடே போட்டிக்குச் சில நாட்களுக்கு முன்புதான் வருகிறது. பணம் மட்டும் பல மாதங்களுக்கு முன்பே போய்விடுகிறது. அமைப்பாளருக்கு இன்றே மின்னஞ்சல் எழுதுங்கள்: சைக்கிள் வரம்பு என் சொந்த நேரமா, கடிகார நேரமா? எழுத்தில் பதில் வாங்குங்கள். வரிசையில், நீச்சலை 55 முதல் 60 நிமிடத்தில் முடிப்பவர்களோடு நில்லுங்கள். உங்கள் இடம் அதுதான். முன்னாலும் வேண்டாம், பின்னாலும் வேண்டாம்.

இனி சக்கரங்கள். ஆழமான விளிம்பு காற்றைக் கிழிப்பது உண்மை. அதன் பலன் வேகமாகப் போகிறவருக்கு, சமதளத்தில். ஏற்றத்தில் மணிக்கு 12 கிலோமீட்டரில் ஏறும்போது அது வெறும் அலங்காரம். இறக்கத்தில் குறுக்குக் காற்று வீசினால் முன்சக்கரம் பாய்மரம்போல் காற்றைப் பிடித்துக் கைப்பிடியைப் பறிக்கும். ஹவாயில் நடக்கும் அயர்ன்மேன் (முழுதூர டிரையத்லான்) உலக சாம்பியன்ஷிப்பில் குறுக்குக் காற்றுக்காகவே முழுக்க மூடிய தட்டுச் சக்கரங்களைத் தடை செய்திருக்கிறார்கள். அங்கே வருபவர்கள் உலகின் தேர்ந்த வீரர்கள். என்னிடம் பயிற்சி பெற்ற ஒருவர் போட்டிக்கு முந்தின நாள் ஆழமான முன்சக்கரத்தை வாடகைக்கு வாங்கிப் பூட்டினார். முதல் இறக்கத்திலேயே பயந்து, மீதி வழியெல்லாம் பிரேக்கைப் பிடித்தபடி வந்தார். பழைய சக்கரத்தோடு வந்திருந்தால் அதைவிடச் சீக்கிரம் வந்திருப்பார்.

அந்தப் பணத்தில் கொஞ்சத்தைக் கியரில் போடுங்கள். முன்னால் 34 பல், பின்னால் 32 பல் கொண்ட கேசட் (பின்சக்கரப் பல்சக்கரத் தொகுதி) இருந்தால் செங்குத்தான இடத்திலும் உட்கார்ந்தபடியே ஏறலாம். உங்கள் பின்கியர் மாற்றி 32 பல்லைத் தாங்குமா என்று மட்டும் மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தொகுப்பு விற்பவரைப் பற்றி மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆறு மணி நேரம் என்று அவர் சொன்னபோது பாதையின் ஏற்றத்தை உங்களிடம் கேட்டாரா? உங்கள் கடைசி மூன்று மாதப் பயிற்சிக் குறிப்பைப் பார்த்தாரா? இரண்டும் இல்லையென்றால் அது திட்டம் அல்ல, அச்சடித்த தாள். பெயரை மட்டும் மாற்றி எல்லோருக்கும் அதே 12 வாரங்களை அனுப்புகிறார்கள். வாடகைச் சக்கரத்தில் கமிஷன், உப்பு மாத்திரையில் கமிஷன், தங்கும் அறையில் கமிஷன். பயிற்சியாளர் என்று பலகை மாட்டிக்கொள்ள யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை என்ற நிலை இருக்கும்வரை இந்த வியாபாரம் ஓயாது. நல்ல பயிற்சியாளர்களும் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் உங்களைக் கேள்வி கேட்பார்கள். முடிக்கும் நேரத்தைக் கடைசியாகத்தான் சொல்வார்கள்.

அவர் இல்லாமலே செய்யக்கூடியது இது. வாரத்துக்கு 8 முதல் 10 மணி நேரம் ஒதுக்குங்கள். அதில் பாதி சைக்கிளுக்கு. வாரம் ஒரு நாள் ஏற்றம்: ஐந்து முதல் எட்டு நிமிடம் ஏறக்கூடிய ஒரு மேட்டில் நான்கு முறை ஏறி இறங்குங்கள், ஐந்தாவது வாரத்திலிருந்து ஆறு முறை. மேடே இல்லாத ஊர் என்றால் எதிர்காற்றில் கனமான கியரில் மெதுவாக மிதியுங்கள். வாரக் கடைசி நீண்ட சவாரியை மெல்ல வளர்த்து 90 முதல் 100 கிலோமீட்டரை மூன்று முறையாவது முடித்திருக்க வேண்டும். இறங்கியவுடன் 20 நிமிடம் ஓடுங்கள். முதல் முறை கால்கள் உங்களுடையவை அல்ல என்று தோன்றும். போட்டிக்குள் அது பழகிப்போயிருக்க வேண்டும். தனி ஓட்டம் 17, 18 கிலோமீட்டர் வரை போதும். கடைசி 10 முதல் 14 நாட்களில் அளவைக் குறையுங்கள். அப்போது வரும் குற்ற உணர்ச்சியைப் பொருட்படுத்தாதீர்கள்.

போட்டியன்று முதல் சுற்றை, இது மிகவும் மெதுவாக இருக்கிறதே என்று தோன்றும் வேகத்தில் ஓட்டுங்கள். முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். முன்னால் போகிறவரின் பின்னால் ஒட்டிக்கொள்ளாதீர்கள். முன்சக்கரத்துக்கு முன்சக்கரம் 12 மீட்டர் இடைவெளி வேண்டும், முந்த நினைத்தால் 25 விநாடிக்குள் முந்திவிட வேண்டும். மீறினால் 5 நிமிட நிறுத்தம். உங்கள் கையிருப்பில் அது பெரிய தொகை. மேட்டின் அடிவாரத்தில் கூட்டம் சேரும்போதுதான் நடுவரின் மோட்டார் சைக்கிள் அங்கே நிற்கும்.

ஏரிக்கு வருவோம். போட்டிக்கு முன் திறந்த நீரில் நான்கு முறையாவது நீந்துங்கள், எப்போதும் துணையோடு. எட்டு கைவீச்சுக்கு ஒருமுறை கண்ணை மட்டும் நீருக்கு மேல் தூக்கி மிதவையைப் பாருங்கள். வரைபடத்தில் முதல் திருப்பம் கிழக்கே இருந்தால் காலை வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். நிறமேற்றிய கண்ணாடி வேண்டும். அந்த மிதவைக்குப் பின்னால் கரையில் தெரியும் ஒரு கட்டடத்தையோ மரத்தையோ முந்தின நாளே குறித்துக்கொள்ளுங்கள். நீரின் வெப்பம் 24.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வெட்சூட் (உடலை ஒட்டிய ரப்பர் நீச்சல் உடை) கணக்கில் சேராது என்று வைத்துக்கொண்டு, அது இல்லாமலும் நீந்திப் பழகுங்கள். நடுவில் மூச்சு திணறினால் மல்லாந்து மிதங்கள். மீட்புப் படகைப் பிடித்துக்கொள்ளலாம், அதன் உதவியால் முன்னேறாதவரை தகுதி பறிபோகாது. இதைத் தெரியாமல் வெட்கப்பட்டுக்கொண்டு தத்தளிப்பவர்கள் உண்டு.

43 வயது என்கிறீர்கள். அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை டிரையத்லான்களில் நேர்ந்த மரணங்களையும் இதய நிறுத்தங்களையும் ஆராய்ந்தபோது, மூன்றில் இரண்டு பங்கு நீச்சலில் நிகழ்ந்திருந்தது. பாதிக்கப்பட்டவர்களில் நடுவயதினரும் அதைத் தாண்டியவர்களுமான ஆண்கள் அதிகம். மருத்துவச் சான்றிதழைக் கையெழுத்துக்காக மட்டும் வாங்காமல் இதயத்தை உண்மையாகவே பரிசோதித்துக்கொள்ளுங்கள். நீந்தும்போது இருமலோடு இளஞ்சிவப்பு நுரை வந்தால் அன்றைய போட்டி முடிந்தது என்று பொருள், கையைத் தூக்குங்கள்.

வெயிலுக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாட்கள் பிடிக்கும். கடைசி மூன்று வாரங்களில் ஓட்டப் பயிற்சியைப் போட்டியில் ஓடவிருக்கும் அதே வேளைக்கு மெல்ல நகர்த்துங்கள், வேகத்தைக் குறைத்து. ஒரு மணி நேரம் ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த எடையோடு, இடையில் குடித்த நீரையும் கூட்டினால் உங்கள் வியர்வை அளவு தெரியும். அதற்கு மேல் குடிக்காதீர்கள். அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் விழுகிறவர்களை உப்பு மாத்திரை காப்பாற்றாது, விற்பவர் என்ன சொன்னாலும். சைக்கிளில் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து இலக்கு. எந்த ஜெல் (பிழிந்து உண்ணும் சத்துக்கூழ்) என்பதைப் பயிற்சியிலேயே வயிற்றிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

கடைசியாக உங்கள் நண்பர். வேண்டாம். அந்த எண்ணுக்குப் பின்னால் வேறொருவரின் பெயர், வயது, மருந்து ஒவ்வாமை, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய வீட்டு எண் எல்லாம் இருக்கின்றன. உங்கள் நண்பர் ஏரியில் மயங்கினால் மருத்துவர் படிப்பது இன்னொருவரின் குறிப்பை. தொலைபேசி ஒலிப்பது இன்னொருவரின் வீட்டில். பிடிபட்டால் இருவருக்கும் தடை வரலாம். இடைத்தரகருக்கு ஒன்றும் ஆகாது. பதிவை முறைப்படி மாற்றித் தரும் வழியை அமைப்பாளர்களே வைத்தால் இந்தத் தரகர்களுக்கு வேலை இருக்காது. பல போட்டிகளில் அதைச் செய்ய மறுக்கிறார்கள், காரணமும் சொல்வதில்லை. காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டு, அன்று உங்களோடு வந்து ஓட்டப் பாதையின் திருப்பத்தில் நிற்கச் சொல்லுங்கள். ஓட்டத்தின் மூன்றாவது மணி நேரத்தில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எவ்வளவு உதவும் என்பது அங்கே தெரியும்.