சுகரை மறைக்கச் சொல்ற ஏஜென்ட்கிட்ட பாலிசி எடுக்காதீங்க

கேள்வி: அம்மாவுக்கு 66 வயசு. பத்து வருஷமா சுகர், பிபி மாத்திரை சாப்பிடுறாங்க. அமெரிக்கால டல்லாஸ்ல இருக்கிற அக்கா வீட்டுக்கு ஆறு மாசம் போறாங்க. டிக்கெட் போட்ட ஏஜென்ட்டே இன்சூரன்ஸும் போட்டுத் தரேன்றார், ஆனா ஃபார்ம்ல சுகர்னு எழுதாதீங்க, ரிஜெக்ட் ஆயிடும்ன்றார். அப்படிச் செய்யலாமா?

பதில்: செய்யவே செய்யாதீங்க. சுகர், பிபி ரெண்டையும் எழுதுங்க, எத்தனை வருஷமா, என்ன மாத்திரைன்னு சேர்த்தே எழுதுங்க. மறைச்சா யாருக்குத் தெரியப் போகுதும்பார். அம்மாவே சொல்லிடுவாங்க. எமர்ஜென்சிக்குப் போனதும் டாக்டர் மொதல்ல கேக்கிறதே என்ன மாத்திரை சாப்பிடுறீங்கன்னுதான், அது அப்படியே ரெக்கார்டுல ஏறும், கிளெய்ம் பாக்கிறவங்க அதையும் ஃபார்மையும் பக்கத்துல வெச்சுப் பாத்தா முடிஞ்சுது. அந்த நேரத்துல ஏஜென்ட் பொறுப்பேத்துக்க மாட்டார், ஃபார்ம்ல இருக்கிறது உங்க அம்மா கையெழுத்து. இந்த ஒரு பொய்யால குடும்பங்க கடன்ல விழுந்ததை நிறையப் பாத்துட்டேன், அதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

அவர் மலிவா ஏதாவது காட்டினா அது ஃபிக்ஸட் பிளானான்னு கேளுங்க. மேல 50,000 டாலர்னு பெரிசா போட்டிருக்கும், உள்ள போனா டாக்டர் ஃபீஸுக்கு இவ்வளவு, ஸ்கேனுக்கு இவ்வளவுன்னு தனித்தனியா சீலிங் இருக்கும், மிச்சம் பூரா அக்கா தலையிலதான். இப்படித் தனித்தனி சீலிங் வைக்காத காம்ப்ரிஹென்சிவ் பிளான்தான் எடுங்க, குறைஞ்சது ஒரு லட்சம் டாலருக்கு. எமர்ஜென்சின்னு வந்தவங்களைக் காசில்லைன்னு திருப்பி அனுப்பக் கூடாதுன்னு அங்க 1986லயே சட்டம் இருக்குதான், ஆனா பில் பின்னாடியே வீட்டுக்கு வரும்.

இப்ப முக்கியமான விஷயம். பழைய வியாதிக்குப் பொதுவா இந்த பாலிசிங்க பணம் தராது, ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அதுக்கு அக்யூட் ஆன்செட்னு பேரு. இருக்கிற வியாதியே எந்த அறிகுறியும் இல்லாம திடீர்னு முத்தி உயிருக்கு ஆபத்தாகணும், பெரும்பாலான பிளான்ல 24 மணி நேரத்துக்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கணும். ராத்திரி திடீர்னு நெஞ்சுவலி, உடனே போனீங்க, பணம் வரும். மூணு நாளா லேசா வலிச்சுது, ஞாயித்துக்கிழமைதான் போனோம்னா வராது. சுகர் செக்கப், மாத்திரை மாத்துறது, இதெல்லாம் அக்யூட் ஆன்செட்ல வரவே வராது. அதனால அங்க ஏதாவது உடம்பு சரியில்லைன்னா காலைல பாத்துக்கலாம்னு தள்ளிப் போட வேண்டாம்னு அம்மாகிட்டயும் அக்காகிட்டயும் இப்பவே சொல்லி வெச்சிடுங்க. இந்த ஒரு வரியை ஏன் பாலிசில பொடி எழுத்துல இருபதாவது பக்கத்துல போடுறாங்கன்னு எனக்கு இன்னிக்கும் புரியல. கேட்டா தமிழ்லயே விவரத்தாள் கொடுக்கணும்னு 2024 ஜனவரிலேர்ந்து நம்ம ஹெல்த் இன்சூரன்ஸ் கம்பெனிங்களுக்கு விதி இருக்கு, அதையும் யாரும் தானா சொல்றதில்லை.

இந்தியக் கம்பெனி பாலிசின்னா பிளைட் ஏறுறதுக்கு முன்னாடியே எடுத்தாகணும். ஃபார்மை ஏஜென்ட் நிரப்பினாலும் ஒவ்வொரு வரியையும் நீங்களே அம்மாவுக்குப் படிச்சுக் காட்டி, அப்புறம் கையெழுத்து வாங்குங்க, ஒரு காப்பி உங்ககிட்ட வெச்சுக்குங்க.