ரப்பர் மீன் வார்க்கலாம் வாங்க: கேள்வி-பதில்

வடகிழக்குப் பருவமழை பிடித்து முகத்துவாரங்கள் கலங்கிவிட்டால் லூர் (மீனை ஏமாற்றும் செயற்கை இரை) போடுகிறவர்களுக்குக் கை அரிக்க ஆரம்பித்துவிடும். வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில் நாமே மெத்தென்ற பிளாஸ்டிக் லூரான ரப்பர் மீனை வார்த்தால் என்ன என்று தோன்றும். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதுதான். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். ஷேட், கிரப், ஜிக் ஹெட் என்றால் என்ன என்று எழுதியவர்களுக்கு இங்கே பதில் இல்லை. முதலில் கடையில் ஒரு பாக்கெட் வாங்கி, நாலு மீன் பிடித்துவிட்டு எழுதுங்கள்.

அண்ணே, புதுசா ஆரம்பிக்கிறேன். குறைந்தபட்சம் என்னென்ன வாங்கணும்? (எண்ணூர்)

அரை லிட்டர் பிளாஸ்டிசால் (சூடாக்கி அச்சில் ஊற்றும் பிவிசி திரவம்), ஒரு நிறம், ஒரு அச்சு. சூடு தாங்கும் கைப்பிடிக் கண்ணாடிக் குவளை ஒன்று. தெர்மாமீட்டர், வாயு வடிகட்டும் மாஸ்க், கண்ணுக்குக் கவசம், முழங்கை வரை வரும் தோல் கையுறை. காசு போதவில்லை என்றால் இரண்டாவது நிறத்தையும் கிளிட்டரையும் தள்ளிப் போடுங்கள். தெர்மாமீட்டரையும் மாஸ்க்கையும் தள்ளிப் போடாதீர்கள்.

அச்சு, மேலே திறந்திருக்கும் ஒற்றைப் பக்க அச்சாக இருக்கட்டும். இரண்டு பாதி சேரும் அலுமினிய அச்சும், அதற்குள் சரக்கை அழுத்தி ஏற்றும் இன்ஜெக்டரும் அழகான வேலை செய்யும். ஆனால் அது அடுத்த வருஷத்துச் செலவு. உருவமும் எளிமையாக, நேரான தடித்த புழுவாக இருக்கட்டும். துடுப்பு வால் ஷேட்டை (குட்டி மீன் உருவ லூரை) முதல் நாளே வார்க்க நினைத்தால், வால் சேருகிற மெல்லிய கழுத்தில் பிளாஸ்டிக் போய்ச் சேராமல் பாதி மீன் வால் இல்லாமல்தான் வெளியே வரும்.

சூட்டுக் கணக்கு இவ்வளவுதான்: பால் போல இருக்கும் திரவம் சூடாக ஆக முதலில் கெட்டியாகிக் கட்டி தட்டும். பயந்து நிறுத்திவிடாதீர்கள். 165 டிகிரி செல்சியஸ் தாண்டும்போது மறுபடி இளகித் தெளியும். 175-ஐ ஒட்டி ஊற்றலாம். 190 போனால் மஞ்சளிக்கத் தொடங்கும், 200 தாண்டினால் கருகிப் புகையும். உங்கள் பாட்டிலில் வேறு எண் போட்டிருந்தால் அதைக் கேளுங்கள், என்னை அல்ல.

கடையில் வாங்குவதைவிட மலிவா வருமா? (மதுரை)

வராது. பத்து மீன் வேண்டுமென்றால் கடைக்குப் போங்கள்.

வீட்டு மைக்ரோவேவிலேயே சூடாக்கலாமா? கழுவிவிட்டால் போதுமே. 1949-இல் அமெரிக்காவில் ஆக்ரன் நகரத்து நிக் கிரீம் வீட்டு அடுப்பில்தானே முதல் வினைல் புழுவைச் செய்தார்? (சென்னை, கோவை, காரைக்கால், இதே கேள்வி இன்னும் பலரிடமிருந்து)

எத்தனை முறை எழுதுவது? கூடாது. மைக்ரோவேவிலும் கூடாது, கேஸ் அடுப்பிலும் கூடாது, அம்மா ஊரில் இல்லாத நாளிலும் கூடாது.

நிக் கிரீம் வீட்டில் செய்தது உண்மைதான். அந்தக் காலத்தில் பெட்ரோலில் ஈயம் கலந்தார்கள், வீட்டுச் சுவருக்கு ஈய பெயின்ட் அடித்தார்கள். அதையும் இப்போது செய்யலாமா?

பிளாஸ்டிசால் என்பது பிவிசி தூளை பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெயில் கலந்து வைத்த குழம்பு. மீனை மெத்தென்று வைத்திருப்பது அந்த எண்ணெய்தான். பல சரக்குகளில் அது தாலேட் வகை. பிள்ளைகள் வாயில் வைக்கும் பொம்மைகளில் சில தாலேட்களுக்குப் பல நாடுகள் கட்டுப்பாடு வைத்திருப்பது சும்மா இல்லை. சூடானால் அந்த எண்ணெய் ஆவியாகக் கிளம்பி மைக்ரோவேவின் உள்சுவரில், விசிறித் துளையில், கதவு ரப்பரில் படியும். துணியை விட்டுத் துடைத்தால் கண்ணுக்குத் தெரிகிற இடம் சுத்தமாகும். துளைக்குள் யார் துடைப்பது? மறுநாள் அதிலேயே குழந்தைக்குப் பால் சூடாக்குவீர்கள்.

கருகினால் கதை வேறு. பிவிசி சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு வரும். ஈரம் பட்டால் அது அமிலம். உங்கள் கண்ணும் தொண்டையும் நுரையீரலும் ஈரமானவைதானே? கேஸ் அடுப்பில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். அடிப்பாகம் 220-க்குப் போயிருக்கும், மேலே தெர்மாமீட்டர் 150 காட்டும், பக்கத்திலேயே தீ எரியும். தீப்பிடித்தால் மூடி போட்டு மூடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். மேலே தெறித்துவிட்டால், கொதிக்கும் வெல்லப்பாகு போல ஒட்டிக்கொண்டு சுடும். பிய்த்து எடுக்காமல் குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அப்படியானால் எங்கே செய்வது? பழைய மைக்ரோவேவ் ஒன்றை ரிப்பேர் கடையில் வாங்குங்கள். அதன் கதவில் பெரிதாக "சாப்பாட்டுக்கு அல்ல" என்று எழுதுங்கள். கார் ஷெட், பின்பக்க வராந்தா என்று காற்று ஓடும் இடத்தில், மழைச் சாரல் எட்டாமல் வையுங்கள். விசிறி உங்கள் முதுகுப் பக்கம் இருந்து புகையை வெளியே தள்ளட்டும். ஒரு குவளைச் சரக்குக்கு முதலில் ஒன்றரை, இரண்டு நிமிஷம், பிறகு அரை அரை நிமிஷமாக. ஒவ்வொரு முறையும் எடுத்து, மெதுவாகக் கிளறி, சூடு பார்த்து, மறுபடி வையுங்கள். குவளை, குச்சி, கரண்டி எதுவும் சமையலறைக்குத் திரும்பிப் போகக் கூடாது. குழந்தைகளும் பூனையும் பக்கத்தில் வேண்டாம். "ஒரே ஒரு தடவைதான்" என்று எழுதியிருந்த காரைக்கால் நண்பருக்கும் இதேதான் பதில்.

கோவிட் சமயத்தில் வாங்கிய என்-95 மாஸ்க் நிறைய இருக்கிறது. அது போதாதா? (சேலம்)

போதாது. அது தூசிக்கு. ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கும் அமில வாயுவுக்கும் சேர்த்து வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் போட்ட மாஸ்க் பெயின்ட் கடையிலும் தொழிற்சாலைப் பாதுகாப்புப் பொருள் கடையிலும் கிடைக்கும்.

எங்கள் பிரிண்டிங் யூனிட்டில் டி-ஷர்ட்டுக்குப் போடும் பிளாஸ்டிசால் இங்க் வாளி வாளியாக மிஞ்சுகிறது. பெயர் ஒன்றுதானே, ஊற்றிப் பார்க்கலாமா? (திருப்பூர்)

நல்ல கேள்வி, யோசித்துக் கேட்டிருக்கிறீர்கள். குடும்பம் ஒன்றுதான்: இரண்டிலும் பிவிசி, இரண்டிலும் பிளாஸ்டிசைசர். ஆனால் துணியில் மெல்லிய படலமாக நிற்க வேண்டியது இங்க். நிறத்தூளும் நிரப்பியும் அதிகம், பசை போலக் கெட்டி. அச்சில் ஓடாது, ஓடினாலும் மீன் விறைப்பாக வரும், வால் ஆடாது. லூருக்கென்று விற்கும் சரக்கில் எண்ணெய்ப் பங்கு மிக அதிகம். உங்களிடமிருந்து மற்றவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஏற்றுமதி ஆடைக்குத் தாலேட் இல்லாத இங்க் என்று கேட்டு வாங்குகிறீர்கள் அல்லவா? தூண்டில்காரர்களும் அப்படியே கேட்டு வாங்கலாம். அந்த வகைச் சரக்கு லூருக்கும் வருகிறது.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் அச்சு செய்தேன். ஊற்றியதும் சடசடவென்று கொப்புளித்தது. மீன் முழுக்கக் குழி. (நாகப்பட்டினம்)

ஈரம். வேறு காரணமே இல்லை. பிளாஸ்டர் இறுகிவிட்டதால் காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. உள்ளே தண்ணீர் இருக்கும். 175 டிகிரி பிளாஸ்டிக் அதில் பட்டதும் நீராவியாகிக் கிளம்பும். கொப்புளத்தோடு போனது உங்கள் அதிர்ஷ்டம். தேங்கிய சொட்டுத் தண்ணீராக இருந்தால் முகத்தில் தெறித்திருக்கும். கடற்கரை ஊரில், அதுவும் ஐப்பசியில், நிழலில் வைத்தால் காயவே காயாது. நல்ல வெயிலில் ஒரு வாரம் வையுங்கள். பிறகு தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையை மூன்று நாலு பூச்சு கொடுத்து, ஒவ்வொன்றையும் முழுக்க உலர்த்துங்கள். பூச்சு கொடுக்காத பிளாஸ்டரில் மீன் ஒட்டிக்கொள்ளும், மேலும் சொரசொரப்பாக வரும். சிலிக்கோன் அச்சுக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஆனால் பிளாட்டினம் வகை சிலிக்கோன் என்றால் கந்தகம் கலந்த களிமண்ணின் மேல் ஊற்றாதீர்கள், இறுகாமல் பிசுபிசுவென்று நிற்கும்.

ஐயா, ஊற்றினேன், சரியா வரலை. என்ன காரணம்? அவசரம். (ஊர் பெயர் இல்லை)

என்ன சரக்கு, எவ்வளவு சூடு, என்ன அச்சு, "சரியா வரலை" என்றால் எப்படி வரவில்லை? ஒன்றும் சொல்லாமல் அவசரம் மட்டும் சொன்னால் நான் ஜோசியம்தான் பார்க்க வேண்டும். பார்க்கிறேன்: தெர்மாமீட்டர் வாங்கவில்லை. மீன் வெளுப்பாக, இழுத்தால் பொடிப் பொடியாக உடைந்தால் சூடு போதவில்லை. பழுப்பாக இருந்தால் கூடிவிட்டது. முதுகில் பள்ளம் விழுந்தால் ஆறும்போது சுருங்கியிருக்கிறது, கொஞ்சம் மேலே நிரப்பி ஊற்றுங்கள். அடுத்த முறை விவரத்தோடு எழுதுங்கள் தம்பி.

உப்பு கலந்தால் மீன் வாயில் அதிக நேரம் வைத்திருக்குமாமே? எங்கள் ஊரில் உப்புக்குப் பஞ்சமில்லை. (தூத்துக்குடி)

உப்பளத்துக் கல்லுப்பை அப்படியே அள்ளிப் போட்டுவிடாதீர்கள்! அதில் ஈரம் இருக்கிறது. ஈரம் என்றால் என்ன ஆகும் என்று மேலே நாகப்பட்டினத்துக்காரருக்குச் சொல்லியிருக்கிறேன். மாவு போல அரைத்து, இதற்கென்று ஒதுக்கிய சட்டியில் வறட்டு வறட்டென்று வறுத்து, ஆறவைத்துப் பிறகு கலக்குங்கள். உப்பினால் உறுதியாகக் கிடைப்பது எடை: தூரம் பறக்கும், சீக்கிரம் மூழ்கும். ருசி பார்த்து மீன் விடாமல் பிடிக்கும் என்பதெல்லாம் தூண்டில்காரர்கள் பேசிக்கொள்வது. அதற்கு விலையாகப் போவது ரப்பர் மீனின் வலு. உப்பு கூடக் கூட மீன் சீக்கிரம் கிழியும். பாறை மீன் ஒரே கடியில் வாலைத் துண்டித்துவிட்டுப் போகிற இடத்தில் உப்பு மீன் போடுவது வீண். கலந்தபின் ஊற்றும் நேரம் வரை கிளறிக்கொண்டே இருங்கள், இல்லாவிட்டால் எல்லாம் அடியில் நிற்கும்.

பாட்டில் அடியில் கல் போல உறைந்திருக்கிறது. கெட்டுப்போச்சா? (விழுப்புரம்)

இல்லை. பிவிசி தூள் அடங்கியிருக்கிறது. குச்சி விட்டுக் கிளறி, நன்றாகக் குலுக்குங்கள். மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றினால் மீன் வராது, பிசுபிசுப்புதான் வரும்.

செய்த ஷேட்களைப் பெட்டியில் அடுக்கி வைத்தேன். தோமான் (விரால் வகை மீன்) பிடிக்கப் போன அன்று திறந்தால் பெட்டியும் மீனும் ஒன்றாக உருகிக் கிடக்கின்றன. வெயில் காரணமா? (ஈப்போ, மலேசியா)

வெயில் வேகப்படுத்தியிருக்கும், காரணம் அது அல்ல. மீனிலிருந்து கசியும் எண்ணெய் பாலிஸ்டைரீன் பெட்டியைக் கரைத்துவிடும். பெட்டியின் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் பாலிபுரோப்பிலீன், பயமில்லை. 6 என்றால் வேண்டாம். எல்லாவற்றையும்விட சாதாரண ஜிப் பாலிதீன் பை நல்லது. ஒரு பைக்கு ஒரு நிறம், இல்லாவிட்டால் கறுப்பு வெள்ளையில் ஏறும். எலாஸ்டெக் போன்ற, பிவிசி அல்லாத வகையில் கடையில் வாங்கிய ரப்பர் மீன்கள் இருந்தால் பிவிசி மீனோடு சேர்க்கவே கூடாது. ஒன்றையொன்று உருக்கிக் கூழாக்கிவிடும்.

வாலெல்லாம் வளைஞ்சு போகுது. (மட்டக்களப்பு)

சூடு ஆறும் முன் எடுத்துக் குவித்துப் போட்டிருக்கிறீர்கள். தட்டையான தட்டில் ஒரு நாள் நேராகக் கிடக்கட்டும். ஏற்கெனவே வளைந்ததைச் சுடுநீரில் சில விநாடி முக்கி, நேராக்கி, குளிர்ந்த நீரில் போடுங்கள். அப்புறம் நன்றாகத் துடைத்துவிட்டுப் பையில் போடுங்கள்.

கிளிட்டர் போட்டால் மீன் முழுக்கச் சாயம் இறங்குகிறது. (தஞ்சாவூர்)

பள்ளிக்கூடக் கைவேலைக் கிளிட்டர் போட்டிருப்பீர்கள். அது இந்தச் சூட்டையும் எண்ணெயையும் தாங்காது. லூருக்கென்று விற்கும் பாலியெஸ்டர் கிளிட்டர் வாங்குங்கள். நிறமும் அப்படித்தான். போஸ்டர் கலர், கேசரிப் பவுடர், தண்ணீரில் கரைக்கும் எதுவும் இதற்கு ஆகாது.

கொடுவாவுக்கு எந்த நிறம்? (பழவேற்காடு)

கலங்கல் தண்ணீரில் கறுப்பு அல்லது அடர் ஊதா, தெளிந்தால் மடவைக்குஞ்சு நிறம். இதற்கு மேல் நிறத்தில் மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள், ஏற்றத்தையும் வற்றத்தையும் பாருங்கள்.

கிழிந்த மீன்களை மறுபடி உருக்கலாமா? (கடலூர்)

தாராளமாக. கழுவி, உப்புத் தண்ணீர் போக அலசி, இரண்டு நாள் உலர்த்தி, சிறு துண்டாக வெட்டிப் போடுங்கள். தூண்டில் முள் துண்டு உள்ளே இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். மைக்ரோவேவில் இரும்பு போனால் பொறி பறக்கும். புதுச் சரக்கு கால்வாசியாவது சேருங்கள், ஒவ்வொரு உருக்கலுக்கும் மஞ்சள் கூடும், அதனால் அடர் நிறத்துக்கே பயன்படுத்துங்கள். கிழிந்ததைத் தண்ணீரில் எறிந்துவிட்டு வருகிறவர்கள் இதைப் படிக்கிறார்களா தெரியவில்லை. விழுங்குகிற மீனுக்கு அது செரிக்காது. ஒரு பாலிதீன் பையைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.