எல்.டி.எல். ஏறிவிட்டது, பாலை நிறுத்தணுமா?

கேள்வி: என் கணவருக்கு 54 வயது. போன மாதம் ரத்தப் பரிசோதனையில் எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரால்) 160 என்று வந்தது. அன்றிலிருந்து என் நாத்தனார், "பால் வெள்ளை விஷம், பெரியவங்க குடிச்சா மாரடைப்பு வரும்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டே இருக்கிறார். நாங்கள் ஆவின் ஆரஞ்சு பாக்கெட் வாங்குகிறோம். அதை நிறுத்திவிட்டு பாதாம் பால் வாங்கலாமா? – வாசகி, திண்டுக்கல்

பதில்: பாலை நிறுத்த வேண்டாம், பாக்கெட்டை மாற்றுங்கள்.

இந்தியா உட்பட 21 நாடுகளில் 1,36,384 பேரை ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் கவனித்த 'ப்யூர்' ஆய்வு 2018இல் லான்செட் இதழில் வந்தது. பால், தயிர் போன்றவற்றைத் தினம் இரண்டு கப்புக்கு மேல் சாப்பிட்டவர்களுக்கு, அவற்றைத் தொடாதவர்களைவிட இதய, ரத்தநாள நோய்கள் குறைவாகவே இருந்தன. அதற்காகப் பாலை மருந்தாக நினைத்துவிடாதீர்கள். தினம் பால் வாங்க வசதியுள்ளவர் மற்றதையும் நன்றாகத்தான் சாப்பிட்டிருப்பார்.

உங்கள் வீட்டுக் கதை வேறு. எல்.டி.எல்.லை ஏற்றிவிடுவது நிறைவுற்ற கொழுப்பு, அதாவது நெய், வெண்ணெய் மாதிரி உறையும் கொழுப்பு. பால் கொழுப்பில் மூன்றில் இரண்டு பங்கு கிட்டத்தட்ட அதுதான். 2000 கலோரி சாப்பிடுபவருக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு நாளுக்கு சுமார் 22 கிராம். ஆரஞ்சு பாக்கெட்டில் கொழுப்பு 6 சதவீதம். அரை லிட்டரிலேயே நிறைவுற்ற கொழுப்பு 19 கிராம் போய்விடும். இரண்டு காபி, ராத்திரி ஒரு டம்ளர் என்று அவரே அரை லிட்டர் குடித்தால், தாளிக்கச் சட்டி வைக்கும் முன்பே அன்றைய கணக்கு கிட்டத்தட்ட முடிந்தது! நீல பாக்கெட் டோன்டு பாலில், அதாவது கொழுப்பு குறைத்த பாலில், 3 சதவீதம்தான். டபுள் டோன்டு என்றால் 1.5. பாக்கெட் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், எழுத்தைப் படித்து வாங்குங்கள்.

ஆரஞ்சிலேயே தண்ணீர் ஊற்றிக் காய்ச்சினால் ஆகாதா என்று கேட்பீர்கள். புரதமும் கால்சியமும் சேர்ந்தே நீர்த்துப்போகும். டோன்டு பாலில் குறைவது கொழுப்புதான். ஏடு எடுத்துவிட்டுக் கொடுப்பதும் நல்லதுதான், அந்த ஏட்டை நெய்யாக உருக்கி அவர் இலையிலேயே ஊற்றாத வரைக்கும்.

கடையில் விற்கும் பாதாம் பால் பெரும்பாலும் தண்ணீர்தான். பசும்பாலில் உள்ள புரதம் அதில் கிடைக்காது. பல டப்பாக்களில் சர்க்கரை வேறு. கொடுக்கும் காசுக்கு நாலு பாதாமை ஊறவைத்துக் கொடுத்துவிடலாம்.

டாக்டர் மாத்திரை எழுதியிருந்தால், பாக்கெட் மாற்றிவிட்டோமே என்று அதை விட்டுவிடாதீர்கள். அடுத்த பரிசோதனை எப்போது என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.